அப்பாவின் பதினோரு ‘கீங்’

எங்கள் வீட்டில் ஒரு சென்சார் போர்டு உண்டு. அதில் உறுப்பினர் ஒரே ஒருவர், தலைவரும் அவரேதான். கைலி மடிப்பில் ரிமோட்டைச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அப்பா.

அவருடைய சட்டம் ரொம்ப எளிது. சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது படம் ஓடும். வில்லன் அரிவாளை எடுப்பான். ஒருத்தனுக்குக் கை போகும், இன்னொருத்தனுக்குக் கழுத்து போகும், ரத்தம் கேமரா மேலேயே தெறிக்கும். அப்பா அசைய மாட்டார், மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார். அதே வில்லன் வாயைத் திறந்து “ஏண்டா…” என்று இழுத்தால் போதும், ரிமோட் வெளியே வந்துவிடும். அடுத்த வார்த்தை காதில் விழுவதற்குள் நாங்கள் வேறு சேனலில் யாரோ மிக்ஸி விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

“ஏம்ப்பா, தலைய வெட்டுறத பாக்கலாம், திட்டுறத கேக்கக் கூடாதா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“வெட்டுறது பொய்யிம்மா. சாயத் தண்ணி. வெட்டுப்பட்டவன் எந்திரிச்சுப் போயி டீ குடிப்பான். திட்டுறது அப்பிடி இல்ல. நடிப்புக்குத் திட்டுனாலும் அந்த வார்த்த நெசமாவே வெளிய வந்துருச்சுல்ல?”

நான் சோற்றைப் பிசைந்தேன். நான் ஸ்கூலில் தமிழ் டீச்சர், வாய்க்கு வாய் பேசுகிறவள். அப்பாவிடம் மட்டும் இப்படி அவ்வப்போது தோற்றுப்போவேன்.

டிவிக்காரர்களும் அப்பா கட்சிதான். ஆறு பேரைச் சாய்க்கும் வரை விட்டுவிடுகிறார்கள், ஏழாவது ஆளைத் திட்டும்போது சத்தத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். வாய் மட்டும் அசையும். அந்தச் சத்தம் போன இடத்தில்தான் வீட்டில் எல்லாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்குவோம். அதிலும் அம்மா இருக்கிறாளே, அவளுக்கு அது விடுகதை மாதிரி. அது என்ன வார்த்தை என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டாள்.

“என்ன சொல்றான்? பரதேசிங்கிறானா? இல்லியே, ரெண்டு தடவ உதடு ஒட்டுதே…”

“உதடு ஒட்டுனா பகரம், மகரம் ரெண்டுல ஒண்ணும்மா.”

“அப்ப அதேதான்!” என்று அம்மா அந்த வார்த்தையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். அப்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வார்.

அப்பா ஏன் இப்படி என்று சொல்ல வேண்டும். போர்ட் பிளேரில் அரசு பஸ் ஓட்டியவர். சிடியாடாப்பு போகிற ரோட்டில், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், எதிரே டூரிஸ்ட் வண்டிகள் எப்படி வரும் என்று அந்த டிரைவருக்கே தெரியாத வளைவுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். ஒரு விபத்து கிடையாது. அதைவிடப் பெரிய அதிசயம், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஸ்கூட்டிக்காரன் குறுக்கே பாய்ந்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “போய்யா மகராசா” என்பார். அவருடைய அகராதியில் அதிகபட்ச வசை அதுதான். டிப்போவில் அவருக்கு ‘சாது’ என்றே பேர். மற்ற டிரைவர்கள் இவர் வந்தால் பேச்சை மாற்றுவார்களாம். மெடல், சர்டிபிகேட் எல்லாம் அம்மா பெட்டியில் போட்டுவிட்டாள். இந்தப் பேரை மட்டும் அப்பா சட்டைப் பையில் வைத்திருப்பது மாதிரி எங்கே போனாலும் கொண்டுபோவார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் காலேஜில் படித்தபோது ஒருநாள் டூட்டி முடிந்து அப்பா பனியனோடு வீட்டுக்கு வந்தார். “காக்கிச் சட்ட எங்கங்க?” என்று அம்மா பதறிப்போனாள். “வழியில ஒரு ஆளு அடிபட்டுக் கெடந்தாரு. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தானுவ. மேல போத்தி விட்டேன்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு, சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. எங்கள் பக்கத்து லோக்கல் கேபிள் சேனல்காரர் ஒரு வங்காளி, எங்களுக்கெல்லாம் ‘தாதா’, அதாவது அண்ணன். நல்ல மனுஷர், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர். வங்காளி, தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று ஒவ்வொரு மொழியிலும் ஒரு பழைய டிரைவரைக் கூப்பிட்டு ஐந்து ஐந்து நிமிஷம் பேச வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தமிழுக்கு அப்பா.

அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே நாளில் இரண்டு தடவை ஷேவ் பண்ணினார். ஒரு நோட்டுப் பேப்பரில் பேச வேண்டியதைத் தானே எழுதி என்னிடம் கொடுத்தார். “ரோட்டுல போறப்ப அவசரப்படக் கூடாது. ரோடு எல்லாத்துக்கும் பொது” என்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் சும்மா இருப்பேனா? கையில் சிவப்புப் பேனா இருந்தது.

“அப்பா, டிவியில பேசுறீங்க. ரோடு ரோடுன்னா நல்லாவா இருக்கு? அழகா சாலைன்னு சொல்லுங்க.”

“இந்த ஊர்ல யாரும்மா சாலைங்கிறா? நீயே சொல்றதில்லியே.”

“அதுக்குத்தான் சொல்றேன். நாலு பேரு கேக்கட்டும்.”

“சரிங்க டீச்சர்” என்றார். ரோடு இருந்த இடத்தில் எல்லாம் சாலை போட்டேன். கூடவே, சினிமாவில் வருவது போல வேகமாக ஓட்டக் கூடாது என்கிற இடத்தில் ‘இது கதை அல்ல, வாழ்க்கை’ என்று என் கைவண்ணத்தைக் காட்டினேன். அப்பா மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் பண்ணினார்.

தாதாவின் ஆபீசில் போய் ரெக்கார்டிங் முடித்து வந்தார். “எப்பிடிப்பா?” என்றேன். “ஒரே டேக்கு” என்றார், ஏதோ பழைய நடிகர் மாதிரி.

ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. எங்கள் வீடு ஊருக்குள்ளேயே மின்னி பே என்கிற பகுதியில். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை, அவர்கள் வீட்டார், கீழ் வீட்டு மலையாளி நர்ஸம்மா என்று ஹால் நிறைந்துவிட்டது. அம்மா எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். டிவியிலும் அதே சட்டைதான்.

டிவி அப்பா கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார்.

“அனைவருக்கும் வணக்கம். கீங்! விதிகளை மதிப்போம்.”

வார்த்தையை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் ‘கீங்’ என்று ஒரு சத்தம். எங்கள் டிவியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

“கீங்! என்பது நம் எல்லோருக்கும் பொதுவானது. குழந்தைகளோடு கீங்! செல்லும்போது கவனம் தேவை. கீங்! கடக்கும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள். இது கீங்! அல்ல, வாழ்க்கை.”

தெலுங்கு அத்தையின் கையில் கேசரி ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. அம்மா அனிச்சையாக டிவிக்குப் பக்கத்தில் போய் அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். ஒரு விரல், இரண்டு விரல் என்று எண்ண வேறு ஆரம்பித்துவிட்டாள். பதினோரு கீங். முப்பது வருஷத்தில் ஒன்றுகூடச் சொல்லாத மனுஷர் ஐந்து நிமிஷத்தில் பதினோரு கெட்ட வார்த்தை பேசியிருக்கிறார், அதுவும் சிரித்த முகத்தோடு, கையைக் கூப்பிக்கொண்டு.

பேச்சு முடிவதற்கு முன்பே அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அவர் போனது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். ஏனென்றால் பேச்சு முடிந்ததும் ‘வேகம் வேண்டாம்’ என்று இந்தியில் எழுத்து ஓட, மெயின்லேண்டில் எங்கேயோ நடந்த விபத்து ஒன்றை வீடியோவாகக் காட்டினார்கள். லாரிக்குக் கீழே ஒரு ஆள். முகம், கை, எல்லாம் அப்படியே, மங்கலாக்கக்கூட இல்லை. அதற்கு ஒரு கீங் கிடையாது. நர்ஸம்மாவே “ஈஸ்வரா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ வாட்ஸப்பில் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. விபத்து வீடியோ அல்ல, அப்பா வீடியோ. அழுதுகொண்டே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக. கடைக்கோடித் தீவில், கேபிளே எட்டாத கேம்பல் பே என்கிற ஊரிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, போன் பண்ணினார். “என்ன மச்சான், ரிட்டயர் ஆனதும் சேத்து வெச்சதையெல்லாம் மொத்தமா எறக்கிட்டீங்க போல!” என்று அந்தப் பக்கம் சிரிப்பு. அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அப்பா வழக்கமான டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பழைய டிப்போ ஆட்கள் கூடுகிற கடை அது. மூன்றாம் நாள் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏம்மா, நெசமாவே என் வாயில ஏதாச்சும் வந்துருச்சா? எனக்குத் தெரியாமலே?”

தன் வாயையே சந்தேகப்படுகிற நிலைமைக்கு அந்த மனுஷர் வந்துவிட்டார். “ஐயோ, இல்லப்பா” என்றேன். பிறகு ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த வீடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா பேச்சு எழுதிய பேப்பரும் பக்கத்தில். ஒவ்வொரு கீங்குக்கும் பேப்பரில் என்ன வார்த்தை என்று பார்த்தேன். சாலை. சாலை. சாலை. கதை. மறுபடி சாலை.

“சாலை, சாலை, சாலை! இதுல என்ன கண்ணராவி இருக்கு?” என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, “காலங்காத்தால என் தம்பிய ஏண்டி கூப்புடுற?” என்றாள்.

“உங்க தம்பியவா?”

“சாலே சாலேங்கிறியே. இந்திக்காரனுக்கு சாலான்னா பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தானே?”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், பஸ்ஸில், கடையில், படகுத்துறையில் நாள் முழுக்கக் கேட்கிற இந்தித் திட்டு அது. சாலே. நாம் பேசும்போது ‘சாலை’யின் வால் ‘சாலெ’ என்றுதானே விழுகிறது! கதை? கதே. கழுதைக்கு இந்தி. அம்மாவிடம் விளக்கினேன். அவளுக்கு வேறு கோபம் வந்துவிட்டது.

“மச்சினங்கிறது எப்பிடிடி கெட்ட வார்த்தையாவும்? என் தம்பி என்ன அவ்வளவு மோசமானவனா?”

தாதாவின் ஆபீசுக்கு நடந்தே போனேன், போகிற வேகத்தில் செருப்பு அறுந்திருக்க வேண்டும். தாதா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே மெதுவாக, “கோயி பாத் நஹி டீச்சர். டிரைவர் லோக் ஹை, ஆதத் ஹோ ஜாத்தா ஹை” என்றார். பரவாயில்லை, டிரைவர்களுக்குப் பழக்கமாகிவிடும் என்று எனக்கே ஆறுதல்! எங்கள் அப்பாவை, சாதுவை! எனக்கு வந்த கோபத்தில் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் ஒன்றாக வந்தன. சாலை என்றால் ரோடு, கதை என்றால் கஹானி என்று அவருடைய மேஜைமேல் இருந்த காலண்டரின் பின்பக்கம் எழுதியே காட்டினேன்.

தாதா தலையில் கை வைத்துக்கொண்டார். போன மாதம் ஒரு படத்தில் வந்த திட்டுக்காக யாரோ கம்ப்ளெயிண்ட் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அவர் இந்தித் திட்டுகளுக்கு ஒரு லிஸ்ட் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டி, சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் கீங் வைத்துவிடுகிறாராம்.

“சரி தாதா. அந்த லாரிக்குக் கீழ கெடந்த ஆளு? அதுக்கு ஏன் ஒண்ணும் வெக்கல?”

அவர் புரியாமல் பார்த்தார். “உஸ்கா தோ கம்ப்ளெயிண்ட் நஹி ஆத்தா” என்றார். அதற்கு யாரும் கம்ப்ளெயிண்ட் எழுதுவதில்லையாம்.

டிரைவர் ஸாப் நாளைக்கே லைவாகப் பேசட்டும், நானே மன்னிப்பும் கேட்கிறேன் என்று தாதா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார், பிறகு என் சிவப்புப் பேனாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“இந்தத் தடவ என் வாயால நான் பேசுறேன். உன் தமிழு வேணாம் தாயி.”

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு லைவ். அதே சட்டை, மறுபடி இஸ்திரி. கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன். பக்கத்தில் தாதா, கீங் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு. பழக்கம் விடுமா? முதலில் தாதா இந்தியில் மன்னிப்புக் கேட்டார். டிரைவர் ஸாப் திட்டவில்லை, என் காதுதான் தப்பு என்றார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. “ரோட்டுல போறப்ப” என்று ஆரம்பித்தார் பாருங்கள், அடடா, மூன்று நாளாக முடங்கிக் கிடந்தவரா இவர் என்று இருந்தது. வளைவில் ஹாரன் அடிக்காதவனைக் கிண்டல் பண்ணினார், ஸ்கூட்டியில் செல்ஃபி எடுக்கிறவனை மகராசா என்றார். கேமரா பிடித்தவருக்குத் தமிழ் தெரியாது, அவரே சிரித்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அப்பாவுக்கு எதிரே இருந்த டிவியில் அந்த வீடியோ ஓட ஆரம்பித்தது. பேச்சுக்கு நடுவே ஓட்டினால் நன்றாக இருக்கும் என்று இந்தத் தடவை முன்னாலேயே போட்டுவிட்டார்கள். லாரி. அதன் கீழே அந்த ஆள். சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்கிற கால்கள்.

அப்பா பேச்சை நிறுத்தினார். அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். ‘பொய்யிம்மா, சாயத் தண்ணி’ என்று சொன்ன அதே முகம்.

பிறகு அந்த வார்த்தை வந்தது. நல்ல முழுத் தமிழ் வார்த்தை. நான் அதை இங்கே எழுதப் போவதில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அதைத் தொடர்ந்து, ஸ்டுடியோவே அதிர்கிற மாதிரி:

“…பயலுவளா, சுத்தி நின்னு படமாடா புடிக்கிறீங்க? அந்த ஆளு மேல ஒரு துணியப் போடுங்கடா! அவனுக்குப் புள்ள குட்டி இல்லையா? ஒரு துணியப் போடுங்கடா!”

நான் தாதாவின் விரலைப் பார்த்தேன். பட்டன் மேலேயேதான் இருந்தது, அழுத்தவில்லை. அந்த வார்த்தை அவர் லிஸ்டில் இல்லை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். என் பக்கம் சாய்ந்து, “க்யா போலா?” என்றார், என்ன சொன்னார் என்று.

“அந்த ஆள மூடச் சொல்றாரு தாதா.”

தாதா ஒரு நொடி டிவியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அவரே அந்த வீடியோவை நிறுத்தினார். திரையில் அப்பா மட்டும் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதனால, மெதுவா போங்க” என்று சொல்லி முடித்துவிட்டார். கையைக் கூப்ப மறந்துவிட்டார்.

அப்பாவும் நானும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். மூன்று நாள் பட்ட அவமானத்தைத் துடைக்கப் போன இடத்தில், சொல்லாததற்குக் கீங் வாங்கியவர் சொன்னதற்கு என்ன வாங்கப் போகிறாரோ! தெருமுனையில் அந்த டீக்கடை. டிப்போ ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். அப்பா அங்கே பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா டிவி முன்னால்தான் இருந்தாள். கண் சிவந்திருந்தது. தட்டைப் போட்டு இட்லி வைத்தாள். அப்பா உட்கார்ந்தார். ரிமோட் டிவி மேலேயே கிடந்தது, அதை அவர் எடுக்கவில்லை. முதல் வாயைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“அந்த வார்த்தைக்குக் கீங் போட்டானா?”

“இல்லங்க” என்றாள் அம்மா. “நல்லாக் கேட்டுச்சு. நான் உதட்டப் பாக்கவே இல்ல.”

“சரி” என்று அப்பா சாப்பிட ஆரம்பித்தார்.